பிழை செய்ய ஓர் இடம்

எட்வின் லிங்க் பதினாறு வயதில், 1920-இல், விமானம் ஓட்டக் கற்க முதல் பாடத்துக்குப் போனார். கட்டணம் 50 டாலர். ஒரு மணி நேரம் வானில் சுழன்றும் புரண்டும் காட்டிவிட்டு ஆசிரியர் தரையிறக்கினார். அந்த ஒரு மணி நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோலைத் தொடக்கூட மாணவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரில் லிங்கின் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தார். ஆர்கன் காற்றால் பாடும் கருவி. உள்ளே திறந்து பார்த்தால் துருத்திகளும் காற்றுக் குழாய்களும் அடைப்பிதழ்களும்தான். மகன் அவற்றையே எடுத்து, 1927 முதல் 1929 வரை முயன்று, பறக்காத ஒரு விமானத்தைக் கட்டினார். நம் ஊர்ப் பொய்க்கால் குதிரையைப் போல அதற்கும் உடல் மட்டும்தான்: ஆள் உட்காரும் குட்டி மரக்கூடு, ஒப்புக்கு இரண்டு குட்டைச் சிறகு, மூடினால் உள்ளே இருட்டு. கோலை இடப்பக்கம் சாய்த்தால் அடியில் ஒரு துருத்தி காற்றை இழக்கும், எதிர்ப்பக்கத் துருத்தி காற்றை வாங்கும், கூடு இடப்பக்கம் சரியும். பிறகு வந்த வடிவங்களில், பக்கத்து மேசையில் விரித்த வரைபடத்தின்மேல் மூன்று சக்கரமுள்ள ஒரு சிறு கருவி நண்டுபோல ஊர்ந்து, மாணவர் பறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் வழியை மையால் கோடிழுத்துக் காட்டும். அந்த மைக்கோடு மலைக்குள் புகுந்தால் மாணவர் செத்தார் என்று பொருள். ஆசிரியர் மூடியைத் திறந்து அவரை வெளியே கூப்பிட்டு, எங்கே தவறினார் என்று கோட்டின்மேல் விரல் வைத்துக் காட்டுவார்.

இந்தக் கருவியை முதலில் வாங்கியவை விமானப் பள்ளிகள் அல்ல; பொழுதுபோக்குப் பூங்காக்கள். காசு போட்டு ஆடும் விளையாட்டாகத்தான் அது பிழைத்திருந்தது. 1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியாரிடம் இருந்த வான்வழி அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்துசெய்து, அஞ்சலைச் சுமக்கும் வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தது. வெளியே ஒன்றும் தெரியாத மூடுபனியில், முள்ளையும் எண்ணையும் மட்டும் நம்பிப் பறக்க அவர்களுக்குப் பழக்கம் இல்லை. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட விமானிகள் இறந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் ராணுவம் லிங்கிடம் ஆறு கருவிகளை, ஒன்று 3,500 டாலர் விலையில், வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் நீல வண்ணம் பூசிய அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பயின்றவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது. பூங்காவில் காசுக்கு ஆடிய அதே துருத்திகள்தாம். இருட்டில் வழி தவறவும், தவறியதைப் பிறகு பார்க்கவும் இப்போது அவை இடம் கொடுத்தன.

இன்று காற்றாலையும் சூரிய மின்நிலையமும் பராமரிக்கப் பயிலும் இளம் பொறியாளர்களுக்கு மெய்நிகர் விளையாட்டுகள் வந்திருக்கின்றன. தலையில் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் இரு பிடிகளுடன், இல்லாத கோபுரத்தின் உச்சியில் நின்று இல்லாத மின்பெட்டியைத் திறக்கிறார்கள். இது முன்பு காணாத புரட்சி என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. பொம்மைக்குப் பொறியியல் வேடம் போட்டிருக்கிறார்கள் என்று இன்னொரு தரப்பு ஒதுக்குகிறது. இரு தரப்பும் மறந்துவிடுவது, இந்தப் பொம்மைகளுக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது என்பதை. அந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பாவனை இயந்திரம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தது என்பது அதன் பயனை ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. கற்பவர் எந்தப் பிழைகளைச் செய்ய அது இடம் கொடுத்தது, அந்தப் பிழைகளையும் பழுதுகளையும் யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது. மெய்நிகர் விளையாட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே. படம் எவ்வளவு துல்லியம் என்பது இரண்டாம் கேள்வி.

இதற்கு நல்ல சான்று 1969 ஜூலை. அப்பல்லோ 11 நிலவுக்குக் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறைக் குழுவுக்குக் கடைசிப் பயிற்சிகள் நடந்துகொண்டிருந்தன. பயிற்சி நடத்துபவர்களின் வேலையே புதிது புதிதாகப் பழுதுகளைக் கற்பனை செய்து, முன்னறிவிப்பின்றி உள்ளே திணிப்பதுதான். அன்று அவர்கள் இறங்குகலத்தின் கணினியில் ஒரு நிரல் எச்சரிக்கையை எழுப்பினார்கள். வழிகாட்டுப் பொறியாளர் ஸ்டீவ் பேல்ஸ் அதன் பொருள் பிடிபடாமல், இறங்குவதைக் கைவிடச் சொன்னார். பயிற்சிக்குப் பிந்தைய உரையாடலில் அது தவறான முடிவு என்று சொல்லப்பட்டது. அந்த எச்சரிக்கை வந்தபோதும் கலம் சரியாகவே பறந்துகொண்டிருந்தது. உடனே அவர்கள் சாத்தியமுள்ள ஒவ்வொரு எச்சரிக்கையையும் எடுத்து, எதற்குத் திரும்ப வேண்டும், எதற்குத் தொடரலாம் என்று பட்டியல் தயாரித்தார்கள். ஜூலை 20 அன்று, நிலவின் தரைக்கு மேலே, ஆம்ஸ்ட்ராங்கின் கணினியில் 1202 என்ற எச்சரிக்கை உண்மையாகவே எழுந்தது. பின்னறையில் இருந்த கணினிப் பொறியாளர் ஜாக் கார்மன் கையில் அந்தப் பட்டியல் இருந்தது; தொடரலாம் என்ற பதில் சில நொடிகளில் மேலே போய்ச் சேர்ந்தது. அந்தப் பயிற்சி அறையின் திரைகளை இன்றைய கைப்பேசி விளையாட்டோடுகூட ஒப்பிட முடியாது. அங்கே கூர்மையாக இருந்தது பழுதைத் திணித்தவரின் கற்பனை.

எதிர்த்திசைச் சான்று பத்தே ஆண்டுகளில் வந்தது, அதுவும் மின்சாரத் துறையிலிருந்தே. 1979 மார்ச் 28 அதிகாலை, பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அணுஉலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கோ, வால்வுக்கு மூடச்சொல்லி ஆணை போனதா என்பதை மட்டும் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. அழுத்தம் இறங்கிக்கொண்டே போக, அழுத்தத்தைச் சீராக வைக்கும் கலத்தில் நீர்மட்டம் மட்டும் ஏறியது. நீர் நிரம்பி வழியப் போகிறது என்று எண்ணிய இயக்குநர்கள், தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசர நீர்வரத்தைத் தாமே குறைத்தார்கள். உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது. இந்த மனிதர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர், சிமுலேட்டரில் பயின்றவர்கள். விசாரித்த கெமெனி ஆணையம் கண்டது இது: அவர்கள் பயின்ற சிமுலேட்டரில், அழுத்தம் இறங்கும்போதே நீர்மட்டம் ஏறும் நிலையை உருவாக்கவே வழி இருக்கவில்லை. அப்படி நடக்கும் என்று அதை எழுதியவர்களின் நிரலில் இல்லை. ஆகவே இயக்குநர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூட ஒத்திகை பாராத நாடகத்தில், பழைய நாடகத்தின் வசனத்தைப் பேசினார்கள். விமானப் பயிற்சியைப் பற்றி எழுதுபவர்கள் லிங்கின் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மின்துறையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத கதை திரீ மைல் ஐலண்டுதான் என்பேன். பாவனை இயந்திரம் ஒரு பழுதைக் காட்டாமல் விட்டால், அது இல்லாத பழுது என்றே பயில்பவரின் மனம் பதிந்துகொள்கிறது.

இதைவிட ஒரு படி மோசமானதும் உண்டு: தவறாகவே கற்றுக்கொடுப்பது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னே போன பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச்சுழலில் சிக்கியது. துணை விமானி வால்சுக்கானை இடமும் வலமுமாக வேகவேகமாக முழுமூச்சில் மிதித்தார். நிமிர்வால் முறிந்து விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். விசாரணை வாரியம், வால்சுக்கானின் வடிவமைப்பைக் குறிப்பிட்டதோடு, விமானிகளுக்குத் தரப்பட்ட சிறப்புப் பயிற்சியின் சில கூறுகளையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்தச் சிமுலேட்டர்ப் பாடத்தில், காற்றுச்சுழல் விமானத்தை உண்மையில் சாய்ப்பதைவிடப் பல மடங்கு சாய்ப்பதாகக் காட்டினார்கள். பாடம் விறுவிறுப்பாக அமைய, விமானி கொடுக்கும் கட்டளைக்குச் சற்று நேரம் விமானம் பணியாதபடியும் செய்தார்கள். சுழல் என்றால் பேரிடர், முழுபலத்தோடு திருப்ப வேண்டும் என்ற பாடம் காலில் ஊறியிருக்கக்கூடும். விளையாட்டு வடிவமைப்பவர்கள் இதை வாசித்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆட்டத்துக்குச் சுவை கூட்டச் சேர்க்கும் மிகை, பயில்பவரின் கையில் பழக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது காற்றாலைக்கு வருவோம். காற்று மின்சாரத்தின் பள்ளிக்கூட வரலாறு டென்மார்க்கின் ஆஸ்கோவ் கிராமத்தில் தொடங்குகிறது. அங்கிருந்த நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் போல் லா கூர், 1891-இல் அரசு உதவியோடு சோதனைக் காற்றாலை ஒன்றை எழுப்பினார். காற்று இல்லாத நாளுக்கு மின்சாரத்தைச் சேமிக்க, நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அந்த வாயுவால் பள்ளிக்கு விளக்கெரித்தார். வாயுவில் ஆக்சிஜன் கலந்து வெடித்ததால் ஜன்னல் கண்ணாடிகளை மாற்ற வேண்டியும் வந்தது. காற்றுக்காகக் காத்திராமல், குழாய்க்குள் விசிறியால் காற்றை ஊதி அதன் வாயில் சிறு சிறு மாதிரி இறக்கைகளைச் சுழலவிட்டு அளந்தார். இறக்கை எண்ணிக்கை குறைந்து வேகம் கூடினால் மின்சாரத்துக்கு நல்லது என்பது அந்தப் பொய்க்காற்றில் அவர் கண்ட மெய். பிறகு கிராமப்புற மின்பணியாளர்களுக்கு வகுப்புகள் நடத்தினார். அதில் பயின்ற யோஹான்னஸ் யூல்தான் அரை நூற்றாண்டு கழித்து, 1957-இல், கெட்ஸரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார்: மூன்று இறக்கை, வேகம் எல்லை மீறினால் இறக்கை நுனிகள் தாமே திரும்பிக் காற்றைத் தடுக்கும் பிரேக். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டென்மார்க்கில் தச்சரும் கொல்லரும் விவசாய இயந்திரம் செய்தவர்களும் சிறு காற்றாலைகள் செய்யத் தொடங்கியபோது கெட்ஸர்தான் அவர்களுக்கு முன்மாதிரி. அவர்களுடைய இயந்திரங்கள் உடைந்தன, ஓடின, தறிகெட்டுச் சுற்றின. ஒவ்வொரு உடைவும் அடுத்த வடிவத்தில் ஒரு மாற்றமாக நுழைந்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் வேண்டும் என்ற விதி அப்படி வந்ததுதான். அதே காலத்தில் ஜெர்மனி 3 மெகாவாட் அளவில், 100 மீட்டர் சுழலியோடு, குரோவியன் என்ற ராட்சத இயந்திரத்தை எடுத்த எடுப்பிலேயே கட்டியது. 1983-இல் ஓடத் தொடங்கிய அது சில நூறு மணி நேரமே ஓடி, பிறகு இடிக்கப்பட்டது. பெரிய இயந்திரத்தில் பிழை செய்து கற்க யாருக்கும் வசதி இல்லை.

அன்றைய டேனிஷ் காற்றாலை 55 கிலோவாட். சுழலியின் விட்டம் 15 மீட்டர் அளவு. இன்று கடலில் நிற்பவற்றில் 15 மெகாவாட்டும் 236 மீட்டர் விட்டமும் கொண்டவை உண்டு. இந்த வளர்ச்சியில் ஒரு இழப்பு மறைந்திருப்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சிறு இயந்திரம் தன்னளவில் ஒரு பயிற்சிப் பள்ளியாகவும் இருந்தது. அதை நிறுத்தலாம், பிரிக்கலாம், தவறாகப் பூட்டிப் பார்த்துத் திருத்தலாம். இயந்திரம் பெருத்தபோது பிழைக்கான இடம் சுருங்கி, ஏறத்தாழ மறைந்தேபோனது. மெய்நிகர் விளையாட்டின் தேவை இந்த வெற்றிடத்திலிருந்து பிறக்கிறது. கருவி மலிவாகக் கிடைக்கிறது என்பதிலிருந்து அல்ல.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கி, கயத்தாறு, முப்பந்தல் என்று பரவிய காத்தாடிகள் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு என்று மலைத்தொடரில் இடைவெளி விட்ட இடங்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்வதால், ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான சில மாதங்களில் வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் ஒரு இயந்திரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் நட்டம். பயில்பவரின் கையில் அதைக் கொடுக்க எந்த உரிமையாளரும் துணியமாட்டார். பருவம் முடிந்தபின் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அப்போது காற்று இல்லை. முழுச்சுமையில் மட்டும் தலைகாட்டும் பழுதுகள் சும்மா நிற்கும் இயந்திரத்தில் தோன்றுவதில்லை. கற்க நேரம் இருக்கும்போது பாடம் இல்லை, பாடம் இருக்கும்போது நேரம் இல்லை. சூரிய மின்நிலையத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு: வெயில் இருக்கும்வரை பலகையின் மின்னழுத்தத்தை எந்தச் சுவிட்சாலும் அணைக்க முடியாது. வரிசையாகக் கோத்த பலகைகளில் அது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டுவதுண்டு. நேர்மின்னோட்டத்தில் பற்றிய பொறி எளிதில் அறாது. சில பாடங்களோ எந்தப் பருவத்திலும் உண்மையான இயந்திரத்தில் நடத்தக் கூடாதவை. 2013 அக்டோபரில் நெதர்லாந்தின் ஓல்ட்கென்ஸ்பிளாட் கிராமத்தில் பராமரிப்பு வேலையின்போது ஒரு காற்றாலையின் நாசெல், அதாவது கோபுர உச்சியில் இருக்கும் இயந்திரக்கூடு, தீப்பற்றியது. நான்கு பேரில் இருவர் தப்பினர். இருபது வயது அளவிலான இரண்டு இளைஞர்கள் இறங்க வழியின்றி இறந்தார்கள். புகை வந்த முதல் அரை நிமிடத்தில் எந்தப் பக்கம் போவது, இறங்குகயிறு எங்கே இருக்கிறது, யார் முதலில் என்பதை ஒருவர் பத்து முறை தவறாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். பத்து முறை தவற அனுமதிக்கும் இடம் பொய்யாக மட்டுமே இருக்க முடியும்.

அந்தப் பொய்யிடத்தின் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. சுருக்கமாகச் சொன்னால் போதும். 1968-இல் ஐவன் சதர்லேண்ட் செய்த தலைமாட்டுத் திரை, கூரையிலிருந்து தொங்கிய கருவியோடு பிணைக்கப்பட்டது. அதில் தெரிந்தது கோடுகளால் ஆன கனசதுரங்கள். 1980-களின் இறுதியில் வந்தவை ஆயிரக்கணக்கான டாலர் விலை. 2012-இல் ஓக்குலஸ் தன் கருவியை 300 டாலர் அளவில் அறிவித்தபின்தான் ஒரு பாலிடெக்னிக் பற்றி இந்தப் பேச்சை எடுக்கவே முடிந்தது. பழைய சிமுலேட்டர்களில் இல்லாத ஒன்று இதில் உண்டு: உயரம். 1995-இல் பார்பரா ரோத்பாமும் லாரி ஹாட்ஜஸும் உயர அச்சம் உள்ள மாணவர்களை மெய்நிகர் பாலங்களிலும் மின்தூக்கியிலும் ஏற்றி நடத்திய ஆய்வில், அந்தக் காலத்துக் கரடுமுரடான படங்களைப் பார்த்தே அவர்களுக்கு வியர்த்தது, கால் நடுங்கியது. பயிற்சி தொடர அச்சம் தணிந்தது; பலர் யாரும் சொல்லாமலே உண்மையான உயரங்களுக்கும் ஏறிப் பார்த்தார்கள். கோபுர உச்சியில் நிற்பவருக்கு இது பெரிய உதவி. ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. விழுந்தால் ஆட்டம் மறுபடி தொடங்கும் என்று நூறு முறை பழகிய உடல், கொக்கியை மாட்டாமல் ஒரு படி எடுத்துவைக்கலாம். ஆகவே விளையாட்டில் கொக்கி மாட்டாமல் நகர்ந்தவர் விழவே வேண்டும். விழுந்தவர் கீழே வந்து, தன் கூட்டாளி மேலே தனியாக நிற்பதையும், அவரை மீட்கும் நடைமுறையையும் முழுதாகப் பார்த்து முடிக்க வேண்டும். உடனே மறுபடி தொடங்கும் பொத்தானைக் கொடுப்பது 587-இன் பிழையை வேறு வடிவில் செய்வதாகும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தொழில் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். போல்ட்டை இறுக்கும் கருவியின் பாரம், வெயிலில் கொதிக்கும் நாசெலின் வெப்பம், கிரீஸ் படிந்த கையுறை வழுக்குவது, கியர்பாக்ஸ் இரைச்சலில் ஒரு சிறு மாற்றத்தைக் காது பிடிப்பது, இவற்றில் எதுவும் ஹெட்செட்டில் வராது. கையால் கற்க வேண்டியதைக் கைதான் கற்க வேண்டும். உலகக் காற்றாலை நிறுவனங்கள் சேர்ந்து 2012-இல் அமைத்த ஜிடபிள்யூஓ அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி உண்மைக் கயிறு, உண்மை ஏணி, உண்மைத் தீயோடு நடப்பதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதும் இதனால்தான். ஆனால் இந்த மறுப்பு, பொய்யில் கற்றது மெய்க்கு வரவே வராது என்று நீளும்போது சான்று அதற்கு எதிராக நிற்கிறது. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 இளம் அறுவை மருத்துவர்களில் பாதிப் பேருக்கு மெய்நிகர்ப் பயிற்சி கொடுத்து, பிறகு எல்லோரும் செய்த உண்மையான பித்தப்பை அறுவையை, யார் பயின்றவர் என்று தெரியாதவர்களைக் கொண்டு மதிப்பிட்டார்கள். பயின்றவர்கள் 29 விழுக்காடு விரைவாகச் செய்தார்கள். பயிலாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. அந்தப் பயிற்சி உடலை அச்சு அசலாகக் காட்டவில்லை. எளிய வடிவங்களைப் பிடித்து நகர்த்தும் வேலைதான். பிழை நேர்ந்ததும் காட்டியது, தேர்ச்சியாளரின் அளவை எட்டும்வரை விடவில்லை. அவ்வளவே போதுமாக இருந்தது. காற்றாலையிலும் கைக்கு முன்னால் வரும் வேலைகள் நிறைய: எந்தச் சுவிட்சை எந்த வரிசையில் திறப்பது, யாரும் தவறிப்போய்ப் போட்டுவிடாதபடி பூட்டுப்போட்டுச் சீட்டு மாட்டுவது, மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்யாமல் தொடாதிருப்பது. இவை வரிசையின் பிழைகள், முடிவின் பிழைகள். இவற்றுக்கு மெய்நிகர் நல்ல பள்ளி.

விளையாட்டு என்ற சொல்லே சிலருக்கு உறுத்துகிறது. 1990-களின் தொடக்கத்தில் சிம்சிட்டியைச் செய்த மேக்ஸிஸ் நிறுவனம் செவ்ரானின் ரிச்மண்ட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக சிம்ரிஃபைனரி என்று ஒரு விளையாட்டுச் செய்துகொடுத்தது. பொறியாளர் அல்லாத ஊழியர்களுக்கு, ஆலையின் ஒரு மூலையில் செய்வது இன்னொரு மூலையை எப்படித் தாக்கும் என்று காட்டுவதே நோக்கம். ஆலையை இயக்கப் பழக்கும் துல்லியம் அதற்கு இல்லை, அப்படி யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தன் எல்லையை அறிந்திருந்ததால் அதை நான் மதிக்கிறேன். விளையாட்டாக இருப்பது குற்றமில்லை. லிங்கின் பெட்டியும் பூங்காவில்தான் பிழைத்திருந்தது. சுற்றிக் காட்டும் விளையாட்டுக்கும் பிழை திருத்தும் விளையாட்டுக்கும் வேறுபாடு தெரியாமல், முன்னதை வாங்கிப் பின்னதென்று பாடத்திட்டத்தில் எழுதுவதுதான் தவறு.

ஆக, பழுதுகளை யார் எழுதுவது? திரீ மைல் ஐலண்டுக்குப் பிறகு அமெரிக்க அணுமின் நிறுவனங்கள் அந்த ஆண்டே ஒரு பொது அமைப்பை உருவாக்கி, ஒரு நிலையத்தில் நேர்ந்ததை மற்ற எல்லா நிலையங்களுக்கும் தெரிவிக்கத் தொடங்கின. டென்மார்க்கில் 1978-இல் சேர்ந்த காற்றாலை உரிமையாளர் சங்கம், யாருடைய இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தந்தது, என்ன பழுது வந்தது என்பதைத் தன் பத்திரிகையில் வெளிப்படையாக அச்சிட்டது. செய்பவர்களுக்கு அதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைத்திருக்க முடியாது. நமக்கு அந்த டென்மார்க்கோடு நேரடி உறவு உண்டு. கயத்தாறு சோதனை நிலையம் அந்நாட்டு உதவியோடு அமைந்தது. சென்னை பள்ளிக்கரணையில் 1998-இல் தொடங்கிய மத்திய மையம், இன்றைய தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், அதை நடத்துகிறது. ஆனால் டேனிஷ் இயந்திரங்கள் இங்கே வந்தபோது டென்மார்க்கில் காணாத பழுதுகளைக் கண்டன. நம் மின்தொகுப்பு அன்று பலவீனமானது. மின்னழுத்தம் சரியும், அதிர்வெண் 50-இலிருந்து கீழே இறங்கி நிற்கும், கம்பியே அறுந்ததுபோல் மின்சாரம் போகும், ஓடிக்கொண்டிருந்த காத்தாடிகள் கூட்டமாகத் துண்டிக்கப்படும். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகமே 2000-இல் இந்தியாவின் பலவீனத் தொகுப்புகளில் காற்றாலைகளின் நிலையைத் தனியே ஆராய்ந்து அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. கோபன்ஹேகனில் எழுதிய விளையாட்டில் இந்தப் பழுது இருந்திருக்காது, திரீ மைல் ஐலண்டின் நீர்மட்டம் அந்தச் சிமுலேட்டரில் இல்லாததுபோலவே. முப்பந்தலிலும் கயத்தாறிலும் முப்பது ஆண்டுகளாக ஏறி இறங்கிய தொழில்நுட்பப் பணியாளர்களின் நினைவில் இத்தகைய பழுதுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் நிறுவனத்துக்குள்ளேயே அடைபட்ட பதிவேடுகளிலும் இருக்கின்றன. அந்தப் பணியாளர்களில் பலர் ஓய்வுபெறும் வயதை எட்டிவிட்டார்கள். மென்பொருள் எழுதுபவர்களின் பக்கத்து நாற்காலியில் இவர்களை ஊதியத்தோடு உட்காரவைக்க வேண்டும்; அவர்கள் சொல்ல, சொல்ல, காட்சிகள் எழுதப்பட வேண்டும். ஆடி மாத மாலை, கணவாயில் காற்று உச்சம், ஐம்பது காத்தாடிகளில் நாற்பத்தொன்பது முழுச்சுமையில் ஓடுகின்றன. ஒன்று மட்டும் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டிருக்கிறது, அதன் உச்சியில் கூட்டாளி. தொகுப்பில் மின்னழுத்தம் சரிகிறது, நாற்பத்தொன்பதும் ஒரே கணத்தில் சுமையை இழக்கின்றன, பிரேக்குகள் கடிக்கின்றன. கோபுரத்துக்குள் விளக்கு அணைகிறது. கீழே நிற்பவர் வாக்கி-டாக்கியை அழுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் வரவில்லை, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.